வேகவைத்த நாற்பது சாட்சிகள்

அத்தியாயம் ஒன்பது

இயக்குநரின் அறையில் அவரைத் தவிர இன்னும் பதினோரு இயக்குநர்கள் இருந்தார்கள். எல்லோரும் அவரேதான்; சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள். ஒருவர் நாடா வெட்டினார். ஒருவர் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். இன்னொருவர் நுண்ணோக்கிக்குள் ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்; அதன்மேல் போர்த்தியிருந்த தூசி உறையை யாரும் எடுக்கவில்லை.

பன்னிரண்டாமவர், அதாவது உயிரோடிருந்தவர், ஒரு தாளை மேஜைமேல் நகர்த்தினார்.

"சுயேச்சையான விசாரணை அறிக்கை. உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். "விசாரணை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்."

"உங்க நேரம் வீணாகக் கூடாதுன்னுதான். இப்ப மணி பதினொண்ணு. நாலு மணிக்கு வெளியிலேருந்து பரிசோதனைக் குழு வருது."

"நான் மத்தியானம் என்ன சாப்பிட்டேன்னும் அதிலே எழுதியிருக்கா சார்?" என்றான் ரெப்பு. "இருந்தா முன்னாடியே தெரிஞ்சுக்கலாமேன்னு."

இயக்குநர் அவனை அறையிலிருந்த தட்டுமுட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ரெப்புவுக்கு அது பழகிப்போன பார்வை. பதினாறு வருஷம் மருந்து கம்பெனிப் பிரதிநிதியாக, அதாவது 'ரெப்'பாக, டாக்டர் வாசல்களில் தவம் கிடந்தவன். ஒரு பெரிய டாக்டரிடம் சொல்லக்கூடாத ஜோக்கைச் சொல்லி வேலையை விட்டான். டை மட்டும் விடாமல் கழுத்தில் தொங்கிற்று. டீச்சர் நிஜமாகவே டீச்சர். இருபத்திரண்டு வருஷம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர். காப்பியடித்தவனை மட்டுமில்லை, யாரைப் பார்த்துக் காப்பியடித்தான் என்பதையும் விடைத்தாளைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த ஒரே தகுதியை வைத்துத்தான் ஜெராக்ஸ் கடை மாடியில் இருவரின் துப்பறியும் நிலையம் நடந்துகொண்டிருந்தது.

"என்ன நடந்ததுன்னு உங்க வாயாலே சொல்லுங்க," என்றார் டீச்சர்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மேடை இல்லாவிட்டாலும் அவருக்குக் குரல் மேடையேறிவிடும். "என் மருமகன் ஒரு மலை ஏரியிலே ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடிச்சார். அதோட ஒரு ஜீன், ஒரு என்சைமை உண்டாக்குது. பச்சைத் தண்ணியிலேயே எண்ணெய்ப் பிசுக்கைக் கரைச்சிடும். உலகத்திலே இனிமே யாரும் பாத்திரம் கழுவச் சுடுதண்ணி போட வேண்டாம். யோசிச்சுப் பாருங்க."

ரெப்பு யோசித்துப் பார்த்தான். இயக்குநர் ஒருநாளாவது ஒரு கரண்டி கழுவியிருப்பாரா என்று யோசித்தான்.

"அந்த நுண்ணுயிரை நாப்பது குப்பியிலே அடைச்சு, ஒரு டின்னுல வெச்சு, உறைபெட்டியிலே வெச்சிருந்தோம். இன்னிக்குக் குழுவுக்கு முன்னாடி அதை வளர்த்துக் காட்டறதா ஏற்பாடு. நேத்து திங்கட்கிழமை காலையிலே எடுத்துப் பார்த்தா, நாப்பதும் செத்துப்போச்சு. டிகாக்‌ஷன் மாதிரி நிறம் மாறிக் கிடக்கு."

"யார் மேலே சந்தேகம்?"

"சந்தேகமே இல்லை. இங்கே ஆறு வருஷம் ஆராய்ச்சி பண்ணின ஒரு பொண்ணு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒழுங்கீனத்துக்காக வெளியே அனுப்பினேன். கண்டுபிடிப்பு அவளோடதுதான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. சனிக்கிழமை மத்தியானம் உள்ளே வந்திருக்கா, வாட்ச்மேன் நோட்டிலே பதிவாயிருக்கு. அவ அம்மா இங்கேதான் வேலை. பாட்டில் கழுவற அம்மா. ஆராய்ச்சியே பண்ணத் தெரியாத குடும்பம், அழிக்கவாவது தெரிஞ்சிருக்கு." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "நாலு மணிக்குக் குழு உங்க அறிக்கையைப் பார்க்கும். வளர்த்துக் காட்டறது சாத்தியமில்லைன்னு புரிஞ்சுக்கிட்டு, மருமகனோட கட்டுரையை நம்பி ஒப்புதல் கொடுத்துடும். நாலரைக்கு போலீஸ். அந்தப் பொண்ணுக்கு இனிமே எந்த ஆய்வகத்துக் கதவும் திறக்காது."

டீச்சர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். "கையெழுத்து நாலு மணிக்குத்தானே வேணும்? அதுவரைக்கும் சும்மா சுத்திப் பார்க்கிறோம்."

*

உறைபெட்டி அறையில் அவர்களுக்குத் துணையாக வந்தவர் மாப்பிள்ளை. இயக்குநரின் மருமகன் என்பதால் அந்த ஆய்வகம் முழுவதும், காவலாளி முதற்கொண்டு, அவரை மாப்பிள்ளை என்றுதான் அழைத்தது. அவரும் அது பட்டம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மைனஸ் எண்பது டிகிரி பெட்டியைத் திறந்ததும் வெள்ளைப் புகை காலடிக்கு வழிந்தது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஒரு தட்டை இழுத்தார். ஒரே மாதிரி முப்பது முப்பத்தைந்து டின்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் காகித டேப் ஒட்டி, அதன்மேல் பேனாவால் பெயர்.

"எல்லா டின்னுக்கும் ஒரே டேப்பா?" என்றார் டீச்சர்.

"ஆமா. இந்த டேப்தான் குளிர்லே உரியாது. இங்கே எல்லாத்துக்கும் இதுதான். போன மாசம் என் செருப்பு அறுந்தப்பக்கூட இதைத்தான் ஒட்டினேன்."

டீச்சர் குனிந்து பார்த்தார். எல்லா டின்களிலும் டேப்பில் வெளிறிய கோடுகள், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. மாப்பிள்ளை எடுத்துக் காட்டிய அந்த நாற்பது குப்பி டின்னில் மட்டும் கோடுகள் கன்னங்கரேலென்று இருந்தன.

"இது மட்டும் ஏன் கறுப்பு?"

மாப்பிள்ளை டின்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "அது வேற ஸ்டாக். கம்பெனிக்காரன் அப்பப்ப டிசைனை மாத்துவான்."

"சரிதான்," என்றார் டீச்சர். வகுப்பில் தவறான விடை சொன்னவனை உட்காரச் சொல்லும் அதே குரல். பிறகு டின்னைத் திறந்து, கையுறைக்குள் விரலை நுழைத்து, பிளாஸ்டிக் குப்பிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருகிப் பார்த்தார். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.

"ரோல் கால் எடுக்கிறீங்களா டீச்சர்?"

"எல்லாரும் ஆஜர்," என்று மூடினார். "வா, பாட்டில் கழுவற இடத்துக்குப் போவோம்."

*

கட்டடத்தின் பின்பக்கம், கீழ்த்தளம். கதவைத் திறந்ததும் நீராவி முகத்தில் அடித்தது. ஒரு சுவர் நீளத்துக்குத் தொட்டி. எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்டீல் பானை, வட்டக் கதவும் பிடிசக்கரமுமாக. ஆட்டோகிளேவ். ஆய்வகத்தின் பிரஷர் குக்கர் என்றால் எட்டாம் வகுப்புக்கும் புரியும். மேலே மூன்று மாடியிலும் நடக்கிற உலகப்புகழ் ஆராய்ச்சிக்கு வேண்டிய பாட்டிலும் கண்ணாடித்தட்டும் சத்துத் திரவமும் இதற்குள் வெந்து கிருமி செத்து வெளியே வந்தாக வேண்டும்.

அதன் ராணியை எல்லோரும் அக்கா என்றார்கள். ஐம்பத்தேழு வயது, ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம். பேசும்போதும் அவருடைய கைகள் நிற்கவில்லை. ஒரு பாட்டிலை எடுத்தார், மூடியைத் தொட்டார், கூடையில் வைத்தார், அடுத்தது.

"நீங்கதான் துப்பறியறவங்களா? உட்காருங்கம்மா. ஸ்டூல் ஈரமா இருக்கும், துடைச்சுக்குங்க."

ரெப்பு காலி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "அக்கா, உள்ளே குளிர்லே உறைஞ்சேன், இங்கே வந்து வெந்துட்டேன். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அக்கா வாங்கி, வடிகட்டிக் குழாயில் நிரப்பி, மூடி, கொடுத்தார். எல்லாம் மூன்றே அசைவு. ரெப்பு இரண்டு மடக்குக் குடித்துத் திருப்பிக் கொடுக்க, மறுபடி நிரப்பி மூடித் தந்தார். அவன் அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டான்.

"உங்க பொண்ணைப் பத்தித்தான் பேச வந்தோம்," என்றார் டீச்சர்.

பாட்டில் ஒரு கணம் கையில் நின்றது. பிறகு கூடைக்குப் போயிற்று. "பேச என்னம்மா இருக்கு. ஆறு வருஷம் ராவும் பகலும் இங்கேயே கிடந்தா. கட்டுரை அச்சாகி வந்தது. அவ பேர் இல்லை. ஏன் இல்லைன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. அதுக்குப் பேர் ஒழுங்கீனம். இப்ப வீட்டிலே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கா. தட்டை வெச்சா சாப்பிடறா, எடுத்தா விட்டுடறா. பெத்தவ வேறே, பேர் வெச்சவன் வேறேன்னு ஆயிடுச்சுங்க."

"சனிக்கிழமை எதுக்கு வந்தா?"

"நான் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே வெச்சுட்டு வந்துட்டேன். கொண்டாந்து கொடுத்துட்டு, நான் சாப்பிட்டதும் டப்பாவை எடுத்துக்கிட்டுப் போனா. ரெண்டு மாசத்திலே அன்னிக்குத்தான் வெளியே கிளம்பினா. அதுவும் வெனையாப் போச்சு."

டீச்சர் மேஜையில் கிடந்த டேப் சுருளை எடுத்தார். வெளிறிய கோடுகள். "இதிலே கறுப்புக் கோடு எப்ப வரும்?"

அக்கா அப்போதுதான் ஆறிய கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். டேப்பில் கோடுகள் கறுத்திருந்தன. "நீராவியிலே முழுசா வெந்தாத்தான் கறுக்கும். வேற எதுக்கும் கறுக்காது. வெயிலுக்கும் கறுக்காது, வெந்நீருக்கும் கறுக்காது. கறுக்கலைன்னா வேகலைன்னு அர்த்தம்."

ரெப்புவின் டை தானாகவே நிமிர்ந்தது. அப்படியானால் அந்த டின்னை யாரோ இங்கே குக்கரில் ஏற்றி அவித்து, ஆறவைத்து, திரும்பவும் உறைபெட்டியில் வைத்திருக்கிறார்கள். அடையாளத்தை நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டு.

"இது இங்கே எல்லாருக்கும் தெரியுமா அக்கா?"

"கையாலே வேலை செய்யறவங்க எல்லாருக்கும் தெரியும்." அக்கா அடுத்த பாட்டிலை எடுத்தார். "மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க."

*

மத்தியானம் இரண்டு மணிக்கு ரெப்பு வழக்கை முடித்துவிட்டான். கேண்டீனில், ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே முடித்தான்.

"ஒண்ணு: அந்தப் பொண்ணு அம்மா கூடவே இந்தக் குக்கர் பக்கத்திலே வளர்ந்தவ. அவ செஞ்சிருந்தா முதல்லே டேப்பை உரிச்சுப் புதுசா ஒட்டியிருப்பா. டேப்பை விட்டு வெச்சவன் டேப்பைத் தெரியாதவன். ரெண்டு: மாப்பிள்ளைக்கு அது டிசைன். நான் இப்ப போய் இயக்குநரையும் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"கோடு போட்ட டேப் சுகாதாரத்துக்கு நல்லதாம். அவர்தான் அறிமுகப்படுத்தினாராம்."

டீச்சர் தேநீர்க் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"மூணுதான் வெல்லம். ஸ்டோர்ஸ் கிளார்க் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு கேக் வாங்கிக் கொடுத்தேன், ஒரு புராணமே வந்தது. அந்தப் பொண்ணோட நோட்டைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க இல்லே? அதிலே நுண்ணுயிரை வளர்க்கறதுக்குச் சத்துத் திரவம், உப்பு, அப்புறம் 'அம்மா தண்ணி ரெண்டு மில்லி'ன்னு எழுதியிருக்கு. அம்மா தண்ணின்னா என்னன்னு ஒருத்தருக்கும் புரியலை. மாப்பிள்ளை அந்தப் பேர்லே ரசாயனம் சப்ளை உண்டான்னு மூணு கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கார். ஒரு கம்பெனி கொட்டேஷனே அனுப்பிச்சிருக்கு."

"ஆக, அவங்களாலே அதை வளர்க்கவே முடியலை."

"ரெண்டு மாசமா ஒரு குப்பிகூட முளைக்கலை. நாலு மணிக்கு நாலு பேருக்கு முன்னாடி மானம் போகும். அதைவிட நாப்பதையும் அவிச்சுட்டு, பழியை அந்தப் பொண்ணு தலையிலே கட்டிட்டா, மானமும் மிஞ்சும், ஒப்புதலும் மிஞ்சும். மாமனும் மருமகனும் சேர்ந்து பண்ணின கூட்டுப் பொரியல். அறிக்கையைக் கிழிச்சுப் போடுங்க டீச்சர், நான் டிக்டேட் பண்றேன்."

டீச்சர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ரெப்பு, உன் பேன்ட் ஏன் நனைஞ்சிருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். வலது தொடை முழுக்க ஈரம். தோள்பையின் அடி சொட்டிக்கொண்டிருந்தது. "சே. பாட்டில் ஒழுகுது. அந்த அக்கா சரியா மூடலை போலிருக்கு."

"முதல் தடவை நிரப்பிக் கொடுத்தப்ப எப்படி மூடினாங்க?"

"அதுவும்... லேசாத்தான் இருந்தது. சட்டுன்னு திறந்துச்சு."

"ரெண்டு தடவையும் அரைத் திருகு லூஸ். அவங்க கையைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பேசும்போது எத்தனை பாட்டில் கூடைக்குப் போச்சு? ஒவ்வொண்ணிலேயும் மூடியை அரைத் திருகு தளர்த்தித்தான் வெச்சாங்க. ஏன்னு தெரியுமா?"

"தெரியாது மிஸ்," என்றான் ரெப்பு.

"இறுக்கி மூடின பாட்டிலைக் குக்கர்லே வெச்சா கண்ணாடின்னா வெடிக்கும், பிளாஸ்டிக்னா நசுங்கிக் கோணலாயிடும். அதனாலே தளர்த்திட்டுத்தான் வேகவைக்கணும். அந்த டின்னுக்குள்ளே நாப்பது குப்பி. ஒண்ணுகூட நசுங்கலை. நாப்பது மூடியும் அளவெடுத்த மாதிரி அரைத் திருகு தளர்ந்திருக்கு. டேப்பே தெரியாத மாப்பிள்ளைக்கு இது தெரியுமா?"

ரெப்பு ரொட்டியைக் கீழே வைத்தான்.

"தெரியாதவன் பண்ணின மாதிரி இருக்கணும்னு டேப்பை விட்டு வெச்சது புத்தி," என்றார் டீச்சர். "மூடியை இறுக்கமா விட்டு வெச்சிருந்தா அதுவும் பொருந்தியிருக்கும். கை கேட்கலை. முப்பது வருஷத்துக் கை, வேணும்னேகூடத் தப்பா வேலை செய்யாது. எழுந்திரு."

*

மூன்று மணி பத்து நிமிடம். குக்கரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, தளர்ந்த மூடியோடு ரெப்புவின் பாட்டிலை அக்காவின் முன்னால் வைத்தார்.

அக்கா பாட்டிலைப் பார்த்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். முதல் தடவையாக அந்தக் கைகள் சும்மா இருந்தன.

"முப்பது வருஷமா ஒரு பாட்டில்கூட வெடிக்க விட்டதில்லைம்மா," என்றார்.

"தெரியுது."

"ஞாயித்துக்கிழமை யாரும் இல்லாத நேரத்திலே பண்ணினேன். டேப்பு கறுக்கும், வர்ற குழு அதைப் பார்க்கும், தெரியாதவன் வேலைன்னு புரிஞ்சுக்கும்னு நினைச்சேன். வளர்த்துக் காட்டப் பயந்து அவங்களே அவிச்சுட்டாங்கன்னு ஊரே சிரிக்கணும். என் பொண்ணு எந்த வாசல்லே அழுதுக்கிட்டு வெளியே போனாளோ, அதே வாசல்லே அந்த ஆள் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறதைப் பார்த்துட்டுத்தான் ரிடையர் ஆகணும்னு இருந்தேன். அவன் இப்படித் திருப்புவான்னு நினைக்கலை. என் பொண்ணு சனிக்கிழமை வந்தது எனக்கே மறந்துபோச்சு." குரல் உடையவில்லை, கெட்டியாகிக்கொண்டே போயிற்று. "நான் எடுத்த அரிவாள், என் பிள்ளை கழுத்திலேயே வந்து நிக்குது."

ரெப்பு குறுக்கே புகுந்தான். "ஆனா அக்கா, அது உங்க பொண்ணோட ஆறு வருஷம். அதைப் போய் எப்படி..."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்னப்பா பேசறே? பெத்தவ பேரப்பிள்ளையை அவிப்பாளா? டின்னு மேலேதான் பேர் எழுதியிருக்கும், உள்ளே குப்பியிலே வெறும் நம்பர்தான். நான் அவிச்சது வெறும் சத்துத் தண்ணி. உசிரோட இருக்கற நாப்பதும் அதே உறைபெட்டியிலே, கீழ்த்தட்டிலே, 'காலாவதி, எறியவும்'னு எழுதின டின்னுக்குள்ளே இருக்கு. அந்தத் தட்டை யாரும் குனிஞ்சு பார்க்கமாட்டாங்க. மேலே இருக்கறவங்களுக்குக் குனிஞ்சு பழக்கமில்லை."

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்தத் தடவை துடைக்கவில்லை. "அந்த அம்மா தண்ணி?"

"இந்தத் தொட்டியிலே நான் பாட்டில் கழுவின பழைய சோப்புத் தண்ணி. வடிகட்டிக் கொடுப்பேன். மலை ஏரியாம். அது பொறந்தது இந்தத் தொட்டியோட சாக்கடைக் குழாயிலே. பிசுக்கு ஏன் இந்த ஒரு குழாயை மட்டும் அடைக்கலைன்னு நான்தான் ஒருநாள் சொன்னேன். அவ அதைப் பிடிச்சுக்கிட்டா."

குக்கர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

"அம்மா," என்றார் அக்கா. டீச்சரைவிட ஐந்து வயது மூத்தவர், அப்படிக் கூப்பிட்டார். "டேப்பை மட்டும் எழுதுங்க. மூடியை விட்டுடுங்க. அவங்க மாட்டட்டும். அவங்க பண்ணினதுக்கு இது அதிகமில்லை."

ரெப்பு டீச்சரின் முகத்தைப் பார்த்தான். அவனிடம் கேட்டிருந்தால் மூடியாவது கீடியாவது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

"அதிகமில்லைதான்," என்றார் டீச்சர். "ஆனா நிக்காது. நான் கண்டுபிடிக்க மூணு மணி நேரம் ஆச்சு. அவர் வெச்சுக்கற வக்கீலுக்கு மூணு நாள் ஆகும். அப்ப அம்மாவும் பொண்ணும் சேர்ந்து பொய் சொன்னாங்கன்னு ஆயிடும். கண்டுபிடிப்பும் பொய்னு ஆயிடும். உண்மையை வெச்சு அடிச்சா ஒரு அடி போதும். பொய்யை வெச்சு அடிச்சா, அதைக் காலம்பூரா கையிலே பிடிச்சுக்கிட்டே இருக்கணும்; ஒருநாள் கை அசரும்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வேலை போயிடும். அதை என்னாலே தடுக்க முடியாது."

அக்கா தொட்டியைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு மாசம்தானே," என்றார். "தம்பி, என் பொண்ணுக்கு ஒரு போன் போடு. தலையை வாரிக்கிட்டு வரச் சொல்லு."

*

நான்கு மணிக்குத் தொடங்கிய இயக்குநரின் வரவேற்புரை நான்கு பதினேழுக்கு முடிந்தது. அதில் 'தியாகம்' ஐந்து தடவை வந்தது, ஐந்தும் அவருடையது. வெளிக்குழுவின் தலைவி வெட்டிய நரைமுடியும் தேய்ந்த செருப்புமாக, குறிப்பேட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். ரெப்பு எட்டிப் பார்த்தான். பூனை.

"சுயேச்சையான விசாரணை அறிக்கையை இப்போது..." என்று இயக்குநர் கையை விரித்தார்.

டீச்சர் எழுந்தார். மடித்த தாளை எடுக்கவில்லை. "என்கிட்டே கேட்ட கேள்விக்குப் பதில் ஒரே வரிதான். அந்தப் பொண்ணு செய்யலை. செஞ்சவங்க வெளியே நிக்கிறாங்க."

கதவு திறந்தது. அக்கா ரப்பர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்தார். கையில் ஒரு ஐஸ் பெட்டி. பின்னால் மகள், வாரிய தலையும் வீங்கிய கண்ணுமாக. மாப்பிள்ளை நாற்காலியில் லேசாகச் சறுக்கினார்.

"டின்னை வேகவெச்சது நான்தாங்க," என்றார் அக்கா. தலைவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கேட்டீங்களா," என்று இயக்குநர் மேஜையைத் தட்டினார். "நான் சொன்னேன் இல்லையா, குடும்பத்தோட..."

"ஒரு நிமிஷம்." தலைவி பேனாவை வைத்தார். "எதை வேகவெச்சீங்கம்மா?"

"வெறும் சத்துத் தண்ணியை. உசிருள்ளது இதோ இருக்கு, நாப்பதும். பொய்ப் பேரோட அதை உங்க முன்னாடி வைக்க எனக்கு மனசு வரலை. நான் செஞ்சது தப்புன்னா என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா இதை யார் பெத்தாங்கன்னு கேட்டுட்டுப் பண்ணுங்க."

இயக்குநரின் முகத்தில் கோபம் வந்தது, அதன் பின்னாலேயே ஒரு கணக்கு வந்தது. கணக்கு கோபத்தை ஓரம்கட்டுவதை ரெப்பு கண்ணாலேயே பார்த்தான்.

"அப்படின்னா மாதிரி பத்திரமா இருக்கு," என்றார் அகலமாகச் சிரித்து. "ரொம்ப நல்லதாப் போச்சு. என் மருமகனோட கண்டுபிடிப்பு பிழைச்சது. இந்த அம்மா மேலே அப்புறம் நடவடிக்கை எடுத்துக்கலாம்."

"எடுக்கலாம்," என்றார் தலைவி. "வந்த வேலையை முதல்லே பார்ப்போம். ரெண்டு தரப்பும் என் கண் முன்னாடி ஆளுக்கொரு கண்ணாடித்தட்டிலே விதையுங்க. நான் பூட்டி சீல் வெச்சுட்டுப் போறேன். நாளைக்கு எது முளைச்சிருக்கோ அவங்க பேர் கட்டுரையிலே இருக்கும். முளைக்காதவங்க பேர் என் அறிக்கையிலே இருக்கும்."

எல்லோரும் பக்கத்து ஆய்வறைக்குப் போனார்கள். மகள் மூலை மேஜைக்குப் போய்க் கையைக் கழுவினாள், அம்மா நீட்டிய மங்கலான தண்ணீர் பாட்டிலை வாங்கினாள், குனிந்தாள். ஐந்தே நிமிடம். இரண்டு மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்த உடம்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"இந்தத் தண்ணி என்ன?" என்று தலைவி குறிப்பெடுத்தார்.

"எங்கம்மா பாட்டில் கழுவின தண்ணி மேடம்."

தலைவி இயக்குநர் பக்கம் திரும்பினார். "நீங்க எதிலே வளர்க்கறீங்க சார்? நீங்க அனுப்பின நோட்டிலே அம்மா தண்ணின்னு இருக்கு."

"அது ஒரு... தொழில்நுட்ப ரகசியம்," என்றார் இயக்குநர்.

"ரகசியத்தைச் சொல்ல வேண்டாம். செஞ்சு காட்டினாப் போதும்."

எல்லாக் கண்களும் மாப்பிள்ளை மேல் விழுந்தன. அவர் மாமனாரைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்தே சரியில்லை என்று முணுமுணுத்துவிட்டு, கதவோரம் ஒதுங்கிக்கொண்டார்.

"நானே செய்யறேன்," என்றார் இயக்குநர்.

யாரோ ஒரு வெள்ளை அங்கியை மாட்டிவிட்டார்கள். இருபது வருஷ மடிப்பு அதில் விறைப்பாக நின்றது. பரிசோதனை மேஜைமுன் உட்கார்ந்தார். விதைக்கும் கம்பியைக் கையில் எடுத்தார், எந்த நுனியைப் பிடிப்பது என்று ஒரு கணம் தயங்கினார், பிடித்தார். எதிரே சாராய விளக்கு. விளக்கு எரிந்தால்தான் கம்பியைச் சுட்டுச் சுத்தம் செய்ய முடியும். சுத்தம் செய்தால்தான் விதைக்க முடியும். விளக்கு எரியவில்லை.

இயக்குநர் திரும்பிப் பார்க்காமலே, முப்பது வருஷமாக எல்லாவற்றையும் கேட்டு வாங்கிய அதே தோரணையில், வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

ஓரடி தள்ளி அக்கா நின்றிருந்தார். தீப்பெட்டி அவருடைய ஏப்ரன் பையில்தான் இருந்தது. அதன் மூலை வெளியே தெரிந்தது. ரெப்புவுக்கும் தெரிந்தது, தலைவிக்கும் தெரிந்தது. இயக்குநரின் விரல்கள் காற்றில் ஒரு தடவை சொடுக்கின. இன்னொரு தடவை சொடுக்கின. கழுத்தில் வேர்வை இறங்கி அங்கியின் காலருக்குள் போயிற்று.

"என்ன சார்," என்றார் தலைவி, "ஆரம்பிக்கலாமே."

அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படியே நின்று, நீட்டிய அந்தக் கை வெறுமையாகவே நிற்பதை, ஒரு நொடிகூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.